ஒரு லிட்டருக்கு எத்தனை ஸ்பூன்

அந்தப் பெயிண்ட் கடையில் எல்லோரும் அவரைக் ‘கலவை அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். முதலாளி அப்படித்தான் கூப்பிடுவார். அக்காவைவிடப் பதினைந்து வயது மூத்த பெயிண்டர்களும் வாய் கூசாமல் அக்கா என்பார்கள். வயது நாற்பத்து மூன்று. மெலிந்த உடம்பு, அதற்குப் பொருந்தாத உரத்த குரல். இடது கட்டைவிரல் நகத்துக்கடியில் எப்போதும் ஏதாவது ஒரு நிறம் ஒட்டியிருக்கும். அதைப் பார்த்தே அன்றைக்கு என்ன நிறம் கடையை விட்டுப் போயிருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

கடையின் முன்பக்கம் பூட்டு, கீல், ஆணி, குழாய். பின்பக்கம் ஒரு நீளமான அறை. தகடு அடித்த மேஜை, அதன் மேல் அளவுக் கோப்பைகள், ஒரு கண்ணாடி டம்ளர் நிறைய ஊசி இல்லாத சிரிஞ்சுகள். மேஜைக்குப் பக்கத்தில் வெயில் நேராக விழாத ஜன்னல். நிறத்தை அந்த ஜன்னல் வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும் என்பார் அக்கா. “டியூப் லைட்டை நம்பிப் பெயிண்ட் கலந்தா, பகல்ல வந்து அடிப்பாங்க.”

நான் அங்கே போனது ஒரு கதவுக்காக. பழைய கதவின் பழுப்பு நிறம் வேண்டும் என்று கேட்டேன். “கொஞ்சம் டார்க்கா” என்றேன். “கொஞ்சம்னா எத்தனை சொட்டு?” என்று அவர் என் முகத்தையே பார்த்தார். அன்றைக்குத் தொடங்கிய பழக்கம். பிறகு போகும்போதெல்லாம், பெயிண்டைக் கிளறிக்கொண்டே, தன் கதையைத் துண்டு துண்டாகச் சொன்னார்.

பள்ளிக்கூடத்தில் அவருக்குக் கணக்கு வராது. வராது என்றால் சுத்தமாக வராது. பத்தாம் வகுப்பில் நூற்றுக்கு இருபத்தொன்று. விகிதம் என்ற பாடம் வந்தாலே பக்கத்தைத் திருப்பிவிடுவார். ‘ஒரு தோட்டத்தை மூன்றுக்கு ஐந்து என்ற விகிதத்தில் பிரிக்க’ என்று கேள்வி வந்தபோது, விடைத்தாளில் ஒரு தோட்டத்தை மட்டும் அழகாக வரைந்து வைத்துவிட்டு வந்துவிட்டார்.

“மூணுக்கு அஞ்சுன்னா, மூணு கொடுத்தா அஞ்சு திருப்பித் தருவாங்கன்னு நினைச்சேன். நல்ல யாவாரமா இருக்கேன்னு தோணுச்சு” என்று சொல்லிச் சிரித்தார்.

அதற்கப்புறம் படிப்பு நின்றது. கல்யாணம் ஆனது. கணவர் இதே கடையின் சரக்கு வண்டி ஓட்டுபவர். இருபத்து நாலாவது வயதில் ஒரே பிரசவத்தில் இரண்டு பெண் குழந்தைகள். தாய்ப்பால் இரண்டு பேருக்கும் போதவில்லை. பால் பவுடர் வாங்கினார்கள். உதவிக்கு வந்திருந்த நாத்தனார் நல்ல மனுஷி. ஆனால் கை தாராளம்.

“இன்னொரு ஸ்பூன் போட்டா பிள்ளைங்க சீக்கிரம் தேறும்” என்று குவித்துப் போடுவார். பவுடர் தீர்ந்துவருகிறது என்று தெரிந்தால் அதே கை சட்டென்று சுருங்கிவிடும். ஒருநாள் பால் கூழாக இருக்கும், மறுநாள் கழுவிய தண்ணீர் போல இருக்கும். குழந்தைகள் இரண்டும் வயிறு உப்பி, ஒன்று மாற்றி ஒன்று அழுதன.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். “எவ்வளவு தண்ணிக்கு எத்தனை ஸ்பூன்?”

நாத்தனார் கையோடு கொண்டுபோயிருந்த பவுடர் டின்னை எடுத்து நீட்டினார்.

நர்ஸ் டின்னைத் திருப்பிக் காட்டினார். முப்பது மில்லி தண்ணீருக்கு, தலை தட்டி ஒரு ஸ்பூன். வீட்டுக்கு வந்ததும் அக்கா ஒரு தாளில் எழுதி அடுப்புக்கு மேலே ஒட்டினார். முப்பதுக்கு ஒன்று, அறுபதுக்கு இரண்டு, தொண்ணூறுக்கு மூன்று, நூற்றிருபதுக்கு நான்கு. நாத்தனாருக்கு மனத்தாங்கல்தான். “பால் கலக்கக்கூட எனக்குச் சட்டம் போடுறியா?” என்று இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் குழந்தைகள் சேர்ந்தாற்போல நாலு மணிநேரம் தூங்கின. வீட்டில் எல்லோரும் தூங்கினார்கள். அதற்குப் பிறகு நாத்தனாரே தலை தட்டாமல் யாரையும் ஸ்பூனைத் தொட விடவில்லை.

குழந்தைகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும், அக்கா கடையில் வேலைக்குச் சேர்ந்தார். டின்களைத் துடைத்து அடுக்குவது, குறைந்ததை எழுதி வைப்பது. பின்னறையில் நிறம் கலக்க ஓர் ஆள் இருந்தார். அவர் திடீரென்று சொந்தமாகக் கடை வைக்கிறேன் என்று கிளம்பிவிட்டார். மேஜை இழுப்பறையில் சில அட்டைகளை மட்டும் விட்டுப் போயிருந்தார்.

அடுத்த வாரமே ஒரு பெயிண்டர் வந்து நின்றார். குழந்தைகள் அறைக்கு வெளிர் நீலம், ஐந்து லிட்டர். முதலாளிக்கு இருமல், கைநடுக்கம். “அட்டையைப் பாத்துப் போடும்மா, எழுதித்தானே இருக்கு” என்றார்.

அட்டையில் எழுதியிருந்தது இதுதான்: வெள்ளை இரண்டு லிட்டர், நீலச் சாயம் ஆறு ஸ்பூன்.

அக்கா யோசித்தார். அட்டையில் இரண்டு லிட்டர், நமக்கு ஐந்து. மூன்று லிட்டர் கூடுதல். அப்படியென்றால் சாயமும் மூன்று ஸ்பூன் கூடுதல். ஆறும் மூன்றும் ஒன்பது. எண்ணி ஒன்பது ஸ்பூன் போட்டுக் கிளறி, மூடியை அடித்து அனுப்பிவிட்டார். பெரிய காரியம் செய்துவிட்ட திருப்தியில், மதியம் டிபன் பாக்ஸைச் சாவகாசமாகத் திறந்தார்.

மூன்று மணிக்குப் பெயிண்டர் டின்னோடு திரும்பி வந்துவிட்டார்.

“அக்கா, நீலம் கேட்டா நீலம்னு ஒரு வதந்தியைக் கொடுத்து அனுப்பியிருக்கீங்க.”

டின்னைத் திறந்து ஜன்னலோரம் வைத்துப் பார்த்தார்கள். அட்டையின் மூலையில் தடவியிருந்த மாதிரி தெளிவான வெளிர் நீலம். டின்னில் இருந்தது ஏறக்குறைய வெள்ளை. முதலாளி திட்டவில்லை. “நீ கலந்ததுதானே, நீயே சரி பண்ணு” என்று சொல்லிவிட்டு முன்பக்கம் போய்விட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்ததாம் அக்காவுக்கு.

டின்னுக்கு எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். எண்ணியது சரி, கூட்டியது சரி, அப்புறம் எங்கே தப்பு? திரும்பத் திரும்ப யோசித்தபோது அடுப்புக்கு மேல் ஒட்டிய தாள் ஞாபகத்துக்கு வந்தது. முப்பதுக்கு ஒன்று, அறுபதுக்கு இரண்டு. அங்கே தண்ணீர் முப்பது கூடியது, ஸ்பூன் முப்பது கூடவில்லை, ஒன்றுதான் கூடியது. தண்ணீர் இரட்டித்தால் ஸ்பூனும் இரட்டித்தது. அங்கே நடந்தது கூட்டல் இல்லை.

சரி, இங்கே ஒரே ஒரு லிட்டருக்கு எத்தனை ஸ்பூன்? இரண்டுக்கு ஆறு என்றால் ஒன்றுக்கு மூன்று. ஐந்துக்குப் பதினைந்து. ஒன்பது போட்டாயிற்று. பாக்கி ஆறு.

“ஆறு ஸ்பூனை ஊத்திக் கிளறக் கிளற, நீலம் அடியிலேருந்து ஏறி வந்துச்சு. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப்போச்சு. வாத்தியார் மூணு வருஷம் தொண்டை கிழியக் கத்தினது இதைத்தானான்னு இருந்துச்சு.”

அன்றிலிருந்து பின்னறை அவருடையது. அவரிடம் ஒரு தடித்த நோட்டு இருந்தது. வருகிற நிறத்தையெல்லாம் ஒரு லிட்டருக்கு எவ்வளவு என்று உடைத்து எழுதி வைத்துக்கொள்வார். அப்புறம் யார் வந்து எத்தனை லிட்டர் கேட்டாலும் பெருக்கினால் போதும். வீட்டிலும் இதே போக்குதான். “உப்பையும் சிரிஞ்சுலதான் போடுறா” என்பார் அவர் கணவர். “ஆனா ஒண்ணு சொல்லணும். விருந்தாளி பத்துப் பேர் கூட வந்தாலும் ருசி மாறாது.”

இப்படியே பத்துப் பன்னிரண்டு வருஷம் ஓடியது. போன வருஷம்தான் அந்தக் கண் ஆஸ்பத்திரி வேலை வந்தது.

ஆஸ்பத்திரியில் ஒரு நீண்ட நடைபாதை. அதில் பாதி பழையது. இருபது வருஷத்துப் பச்சை, வெளுத்து ஒரு மாதிரி அமைதியாக ஆகியிருந்தது. மீதிப் பாதி புதிதாகக் கட்டி நீட்டியது. பழைய பக்கத்தில் நோயாளிகள் இருப்பதால் அங்கே பெயிண்ட் வாடை ஆகாது. புதிய பக்கத்தை மட்டும், பழையதோடு ஒட்டுத் தெரியாமல் அடிக்க வேண்டும். வேலையை எடுத்திருந்த பெயிண்ட் மேஸ்திரி நேராக அக்காவிடம் வந்தார். நம்பர் கிடையாது, பெயர் கிடையாது, டின் எப்போதோ போய்விட்டது. அக்காவே நேரில் போனார்.

நடைபாதையின் பொறுப்பு நர்ஸ் ஒரு கறார் பேர்வழி. “ஏதோ பச்சைன்னு அடிச்சுட்டுப் போயிடாதீங்க” என்றார். “ஆபரேஷன் ஆனவங்களுக்குக் கட்டு அவிழ்க்கிறது அந்தக் கடைசி ரூம்ல. வெளியே வந்ததும் முதல்ல பாக்குறது இந்தச் சுவரைத்தான். சுவர்ல ஒரு கோடு தெரிஞ்சா, கோடு கண்ணுக்குள்ள இருக்குன்னு பயந்துடுவாங்க. அப்புறம் அவங்களைச் சமாதானப்படுத்துறது யாரு? நான்தான்.”

அக்காவுக்கு அந்தப் பேச்சு மனதில் தைத்துவிட்டது. சுவர் மூலையிலிருந்து நகத்தளவு சில்லு ஒன்றைப் பெயர்த்து, கைக்குட்டையில் மடித்துக் கொண்டுவந்தார்.

இரண்டு நாள் வெறும் கோப்பையில் கலந்து பார்த்தார். நூறு மில்லி வெள்ளைக்கு மூன்று மில்லி பச்சை, இரண்டு மில்லி மஞ்சள். இன்னும் பளிச்சென்று இருந்தது. சிரிஞ்சில் சொட்டுச் சொட்டாகக் கருப்பு விட்டார். பத்தாவது சொட்டில் சில்லும் கலவையும் ஒன்றாகிவிட்டன. ஆனால் பதினொன்றாவது சொட்டு விட்ட கோப்பையும் ஏறக்குறைய அப்படியே இருந்தது. எது சரி?

“ரெண்டும் ஒண்ணுதான் அக்கா, ஒரு சொட்டுல என்ன இருக்கு?” என்றார் மேஸ்திரி.

“கோப்பையில ஒரு சொட்டு. உங்களுக்கு வேண்டியது அறுபது லிட்டர். இந்தக் கோப்பை மாதிரி அறுநூறு கோப்பை. அப்போ அது அறுநூறு சொட்டு. இருபது சொட்டு ஒரு மில்லி. முப்பது மில்லி கருப்பு ஆச்சு. ஆறு ஸ்பூன். உங்க வீட்டுச் சுவர்ல ஆறு ஸ்பூன் கருப்பை ஊத்தட்டுமா?”

மேஸ்திரி இரண்டு கோப்பையையும் ஜன்னல் பக்கம் நகர்த்தி வைத்தார்.

அக்கா இரண்டு லிட்டர் கலந்தார். கோப்பையைப்போல இருபது மடங்கு. பத்துச் சொட்டு இங்கே பத்து மில்லி, பதினொன்று என்றால் பதினொரு மில்லி. அளக்கத் தோதான அளவு. பத்து மில்லி விட்டு, அட்டையில் தடவி, காயவிட்டு, ஆஸ்பத்திரிச் சுவரில் கொண்டுபோய் வைத்தார். மூன்றடி தள்ளி நின்ற நர்ஸ், “அட்டை எங்கே?” என்று கேட்டார். அவ்வளவுதான், பத்து என்று முடிவாயிற்று.

அறுபது லிட்டரும் மூன்று டிரம்களில்; வெள்ளை வருகிற டிரம்மிலேயே சாயத்தை ஊற்றிக் கலப்பது வழக்கம். ஒரு டிரம்முக்கு இருபது லிட்டர் வெள்ளை, அறுநூறு மில்லி பச்சை, நானூறு மஞ்சள், நூறு கருப்பு. முதல் டிரம் ஒருநாள், இரண்டாவது மறுநாள், மூன்றாவதற்கு வெள்ளை வரத் தாமதமாகி நான்காம் நாள் கலந்து அனுப்பினார். நோட்டில் ஒவ்வொன்றாக டிக் போட்டிருந்தார்.

ஐந்தாம் நாள் காலை பத்தரைக்கு மேஸ்திரியிடமிருந்து போன்.

“அக்கா, மூணாவது டிரம் ஒத்துக்கல. கருப்பு தூக்கலா இருக்கு. நர்ஸம்மா இடுப்புல கை வச்சுக்கிட்டு நிக்கிறாங்க.”

அக்கா கணவரின் வண்டியிலேயே ஏறிக்கொண்டார். முதலாளியும் கூட வந்தார். அளவுக் கோப்பையையும் நோட்டையும் மடியில் வைத்துக்கொண்டு, அக்கா வழியெல்லாம் நோட்டைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். அறுநூறு, நானூறு, நூறு. எல்லாம் சரியாகத்தான் இருந்தன.

நடைபாதையில் போய் நின்றதும் தெரிந்துவிட்டது. முதல் இரண்டு டிரம் அடித்த இடமெல்லாம் பழைய சுவரோடு சேர்ந்துபோயிருந்தது. ஐந்தாவது ஜன்னலுக்கு அந்தப்பக்கம் மட்டும் ஒரு நிழல் விழுந்ததுபோல இருந்தது. நிழல் விழ அங்கே எதுவும் இல்லை.

“சாயம் அளக்கும்போது யாராவது பேச்சுக் கொடுத்திருப்பாங்க” என்றார் முதலாளி, ஆறுதலாகத்தான்.

“இல்லீங்க. நூறுதான் போட்டேன். எனக்குத் தெரியும்.”

“பின்ன எப்படி?”

அக்கா டிரம்மைச் சுற்றி வந்தார். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, வழிந்து காய்ந்திருந்த பெயிண்டை நகத்தால் சுரண்டினார். அடியில் சிறிய எழுத்தில் அச்சிட்டிருந்தது. 18 லிட்டர்.

அதே கம்பெனி, அதே உயரம், அதே மூடி, அதே படம். உள்ளே இருந்த வெள்ளை மட்டும் இரண்டு லிட்டர் குறைவு. புதிதாக வந்த சரக்கில் அளவை மாற்றியிருந்தார்கள். இருபது லிட்டருக்கான சாயத்தை அக்கா பதினெட்டில் ஊற்றியிருந்தார். மூன்று சாயமும் சேர்ந்து தூக்கலாகிவிட்டது. கண்ணுக்குக் கருப்பு மட்டும் முன்னால் வந்து நின்றது.

அவர் எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டார்.

“தப்பு என்னோடதுதான். சாயத்தை அளந்தேன், வெள்ளையை அளக்கல. டிரம் அதே மாதிரி இருக்கவும் அதேதான்னு நினைச்சுட்டேன்” என்று நர்ஸிடமே நேராகச் சொன்னார். நர்ஸ் இடுப்பிலிருந்து ஒரு கையை மட்டும் எடுத்தார்.

முதலாளிக்கு உயிர் வந்தது. “அவ்வளவுதானே? ரெண்டு லிட்டர் குறைஞ்சா ரெண்டு லிட்டரை ஊத்து. வண்டியை எடுப்பா, வெள்ளை கொண்டா” என்று அக்காவின் கணவரை விரட்டினார்.

வெள்ளை வந்து சேர்வதற்குள் அக்கா ஒரு காரியம் செய்தார். நீளமான ஒரு குச்சியை டிரம்முக்குள் அடிவரை விட்டு எடுத்தார். பெயிண்ட் நனைத்த உயரத்தை விரல் வைத்து அளந்தார். பன்னிரண்டு விரல். டிரம்மின் உள்சுவரில், பெயிண்ட் முதலில் நின்ற இடத்தில், காய்ந்துபோன ஒரு கோடு இருந்தது. அந்தக் கோடுவரை பதினாறு விரல்.

கணவர் டின்னோடு ஓடிவந்தார். முதலாளி மூடியைத் திறந்து, “ரெண்டு லிட்டர்” என்றார்.

“ஒன்றரை” என்றார் அக்கா.

“என்னம்மா இது? இப்பத்தானே ரெண்டு குறையுதுன்னு சொன்னே?”

“முழு டிரம்முக்கு ரெண்டு குறைஞ்சுது. இப்போ முழு டிரம் எங்கே இருக்கு? பதினாறுல நாலு விரல் சுவருக்குப் போயிடுச்சு. போன பெயிண்ட் அதுக்குண்டான சாயத்தையும் கையோட கூட்டிக்கிட்டுப் போயிடுச்சு. மிச்சம் முக்கால் டிரம். முக்கால் டிரம்முக்கு முக்கால் பங்கு வெள்ளைதான். ரெண்டுல முக்கால் பங்கு ஒன்றரை.”

மேஸ்திரி விரலை மடக்கி மடக்கிப் பார்த்தார். “அரை லிட்டர் கூடினா என்ன ஆயிடும் அக்கா?”

“இப்போ இருட்டா கோடு தெரியுது. அப்போ வெளுப்பா கோடு தெரியும்.”

முதலாளிக்குப் பாதிதான் புரிந்தது. ஆனால் பன்னிரண்டு வருஷப் பழக்கம். “ஒன்றரையே ஊத்து” என்று விலகி நின்றார்.

அக்கா கோப்பையைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து ஒரு லிட்டரும் அரை லிட்டரும் அளந்து ஊற்றினார். மேஸ்திரி கிளறினார். அட்டையில் தடவி, மின்விசிறிக்குக் கீழே வைத்துவிட்டு அரைமணிநேரம் காத்திருந்தார்கள். ஈரப் பெயிண்டை நம்பக்கூடாது. காய்ந்தால்தான் அதன் உண்மை முகம் தெரியும். அந்த அரைமணியும் அக்காவின் கணவர், “ஆயிடும், ஆயிடும்” என்று எதற்கென்றில்லாமல் சொல்லிக்கொண்டிருந்தார்.

காய்ந்த அட்டையைப் பழைய சுவரில் வைத்தார்கள். நர்ஸ் கிட்டே வந்து பார்த்தார். தள்ளிப் போய்ப் பார்த்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

“சரி, அடிங்க” என்றார். அவர் வாயில் அதுவே பெரிய பாராட்டு என்று பிற்பாடுதான் தெரிந்தது.

இரண்டாவது கோட்டிங்கில் அந்த நிழல் போய்விட்டது. எந்த இடத்தில் பழைய சுவர் முடிந்தது என்று மேஸ்திரிக்கே கதவை வைத்துத்தான் அடையாளம் சொல்ல முடிந்தது.

இரண்டு வாரம் கழித்து, வாடையெல்லாம் போனபின், அக்கா ஒரு வேலையும் இல்லாமல் அந்த நடைபாதையைப் பார்க்கப் போனார். கடைசி அறையிலிருந்து ஒரு பெரியவர் மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். கண்ணை இடுக்கிச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“இது பச்சைதானே?” என்று பக்கத்தில் நின்ற அக்காவிடம் கேட்டார்.

அக்காவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. “ஆறு பங்கு பச்சை, நாலு பங்கு மஞ்சள், ஒரு பங்கு கருப்பு. எல்லாத்தையும் வெள்ளையில கலந்தது ஐயா” என்றார்.

பெரியவர் மறுபடியும் சுவரை மேலும் கீழும் பார்த்தார். “எனக்குப் பச்சை மட்டும்தாம்மா தெரியுது” என்றார் கவலையாக.

“அது போதும் ஐயா. கண்ணு நல்லா இருக்கு” என்று அக்கா அவர் கையைத் தட்டிக்கொடுத்தார்.

இப்போது புது டிரம் வந்தால், மூடியைத் திறப்பதற்கு முன் அக்கா கீழே உட்கார்ந்து அடியைப் படிக்கிறார். முட்டி வலிக்கிறது என்று புலம்பிக்கொண்டேதான் படிக்கிறார். ஆஸ்பத்திரி மாடிக்கான பெயிண்ட் வேலையும் இவரிடம்தான் வந்திருக்கிறது. வேறு இரண்டு கடைக்காரர்கள் வந்து கூப்பிட்டும் போகவில்லை. “அங்கெல்லாம் ஜன்னல் சரியில்லை” என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

போன மாதம் வாடகை வீட்டின் சொந்தக்காரர் சம்மதித்து, அக்கா தன் வீட்டு முன்னறைக்கே பெயிண்ட் அடித்தார். கல்லூரிக்குப் போகும் பெண்கள் இரண்டு பேரும் பெயிண்ட் உருளை பிடித்தார்கள். கணவர் ஏணியைப் பிடித்துக்கொண்டு யோசனைகள் சொன்னார். என்ன நிறம் என்று கேட்டேன். பெண்கள் ஆளுக்கொரு நிறம் கேட்டுச் சண்டை போட்டதால், எட்டுப் பங்கு வெள்ளைக்கு ஒரு பங்கு பழுப்பு என்று தானே ஒரு மணல் நிறம் கலந்துவிட்டதாகச் சொன்னார். நாலு சுவரும் ஈரமாக இருந்ததால், அன்று மதியம் நாலு பேரும் அறை நடுவில் முதுகோடு முதுகு சாய்ந்து உட்கார்ந்து சாப்பிட்டார்களாம்.